நீ நிரப்பிக் கொண்டுவந்த கேன்

மச்சான்,

இன்று காலை ஒருவர் எங்கள் ஆய்வுகூடத்துக்குச் சிறுநீர்க் கேனைக் கறுப்புப் பையில் மூன்று சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்தார். பாதிதான் இருந்தது. "முழுக்கச் சேர்த்தீங்களா?" என்றேன். "ஓம், ஓம்" என்று சுவரைப் பார்த்தார். புதுக் கேன் ஒன்றைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். எனக்கு வந்த கோபம் அந்த மனிதர்மேல் இல்லை, உன்மேல்தான். நீ மவுத்தாகி மண்ணுக்குள் போய் இரண்டு வருடமாகியும் என் வேலை நேரத்தில் வந்து எரிச்சல் மூட்டுகிறாய்.

உனக்கு எத்தனை தடவை படித்துப் படித்துச் சொன்னேன்? காலையில் முதலில் போவதை விட்டுவிடு, அதன் பிறகு மறுநாள் காலைவரை அத்தனையும் கேனுக்குள். ஒரு நாளில் எவ்வளவு புரதம் வெளியேறுகிறது என்று தெரிந்தால்தான் சிறுநீரகம் எந்த மட்டில் கெட்டிருக்கிறது என்று டொக்டர் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு நீ கேட்டாய்: "பொண்டாட்டிட ஊட்டுல இரிக்கிற மாப்பிள நான். இத எங்கடா வெக்கிற? மாமி கண்டா என்ன நினைப்பா?"

நம் ஊரில் எந்த ஆண்பிள்ளை மனைவி வீட்டில் இல்லை? அவர்களுக்கெல்லாம் மூத்திரம் வருவதில்லையா?

முதல் கேன் அரைவாசி. உன்னை ஏசித் திருப்பி அனுப்பினேன். அடுத்தது கழுத்துவரை நிரம்பி வந்தது, கிணற்றுத் தண்ணீர் நிறத்தில். "நிறையத் தண்ணி குடிச்சன்டா" என்று சிரித்தாய். வயலில் போனதை வயலிலும் பள்ளிவாசலில் போனதைப் பள்ளிவாசலிலும் விட்டுவிட்டு, மிச்சத்துக்குப் பைப்பைத் திறந்திருக்கிறாய். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் கிரியேட்டினின் எவ்வளவு என்று பார்த்ததுமே தெரிந்தது, அதற்குள் ஒரு முழு நாள் இல்லை என்று. மூன்றாம் தரம் அனுப்பினால் நீ வரவே மாட்டாய் என்று பயந்து ரிப்போட்டில் கையெழுத்து வைத்தேன். புரதம் கொஞ்சம்தான் போகிறது என்று டொக்டர் நம்பினார். அடுத்த வருடம் கால் வீங்கி நீ வந்தபோது மருந்துக்கு மிஞ்சிவிட்டது.

உன் ஜனாஸாவை அடக்கிவிட்டு வந்த பிறகு, பொறுக்கமாட்டாமல் உன் மாமியிடம் கேன் கதையைச் சொன்னேன். "என்னட்டத் தந்திரிந்தா நான் வெச்சிரிப்பனே மனே" என்று அழுதார். "எங்கட மனிசன் படுக்கையில கிடக்கக்குள்ள எல்லாம் அள்ளினன்தானே. இதுக்கா வெக்கப்பட்டாரு?"

கேட்டாயா, மடையா?

நீ தண்ணீர் ஊற்றியதை அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் வைத்த கையெழுத்தை இன்னும் சொல்லவில்லை.