மூடிக்குள் இருந்த உன் அட்டை

2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை 10.40. பின்னறையில் இப்போது இருக்கும் பழைய கணினிகள் இருபத்து மூன்று. ஓடுவது பதினெட்டு, ஓடாதது நான்கு, மீதி ஒன்று அத்தையின் செடித்தொட்டிக்கு அடியில் முக்காலியாக நிற்கிறது, அதைத் திருப்பிக் கேட்டால் வீட்டில் சண்டை வரும். ஓடாத நான்கில் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சில்லு, நானும் உன் அண்ணியும் அத்தையும் நன்றாக இருக்கிறோம். நீ நலமா என்று மொத்தமாகக் கேட்டால் ‘ம்’ என்று ஒரே எழுத்தில் முடித்துவிடுவாய், அதனால் பிரித்துப் பிரித்துக் கேட்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, அந்தச் சளி போனதா, கண்ணாடிக்குப் புது பவர் பார்த்தாயா. அண்ணிக்குப் பல் ஆஸ்பத்திரியில் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுகிறாள், ஆகவே டீ போடும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது, அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு இது டீயா இல்ல நீ போர்டு கழுவின தண்ணியா என்று தினமும் கேட்கிறாள், ஆனால் டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் கேட்கிறாள். அவள் முழங்கால் பரவாயில்லை. போன மாதம் இரண்டு மெஷின் நல்ல இடத்துக்குப் போயின. ஒன்று டைப்பிங் சொல்லித்தரும் டீச்சருக்கு. இன்னொன்று பஸ் டிப்போவில் கிளார்க்காக இருந்து ரிட்டயரான ஒருவருக்கு, அவர் முதன்முதலில் வேலை பார்த்த அதே மாடல். அந்த மனுஷன் நம் ஸ்டூலில் உட்கார்ந்து, தன் பழைய ஊழியர் எண்ணை ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, அணைத்துவிட்டு, போதும் தம்பி, பேக் பண்ணிடுங்க என்றார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. வளவளவென்று பேசாத ஆள்.

நானும் வளவளக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு போனில் நீ சொன்னாய், பதினான்காம் தேதிக்குள் காலேஜில் கருவிப் பிரிவா கணக்குப் பிரிவா என்று எழுதிக் கொடுக்க வேண்டும், கணக்கையே எடுத்துக்கொள்கிறேன், கருவியெல்லாம் என் கைக்கு வராதுண்ணா, உனக்குத்தான் தெரியுமே என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சரி உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஆனால் அதே போனில், உங்கள் காலேஜ் வராந்தாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பழைய நிலநடுக்கக் கருவியைப் பற்றி, அதன் ஊசி எப்படி நிற்கிறது, காகிதம் எப்படிச் சுற்றுகிறது என்று பதினைந்து நிமிஷம் நிறுத்தாமல் பேசினாய். இது இரண்டும் ஒட்டவில்லை என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. புதன்கிழமை ஒரு கெபாசிட்டர் வெடித்தபிறகுதான் உறைத்தது.

நடந்ததைச் சொல்கிறேன். நம் தெருமுனையைத் தாண்டி ஷட்டர் போட்ட கட்டடத்தில் சாக்ஸ் பின்னும் பட்டறை இருக்கிறதே, அந்த அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும், நாம் சாக்ஸ் அக்கா என்போம். அவளுடைய பின்னல் மெஷினுக்கு டிசைன் அனுப்புவது ஒரு முப்பது வருஷத்துக் கணினி. அது இல்லாவிட்டால் அந்தப் பின்னல் மெஷினும் வெறும் இரும்பு. அது போன மாதம் நின்றுவிட்டது, வீட்டுக்குத் தூக்கிவந்து பார்த்தால் பழைய கெபாசிட்டர்கள் எல்லாம் கசிந்து போர்டு பிசுபிசு என்று இருந்தது. பதினான்கையும் ஒரே உட்காரலில் பிடுங்கிப் போட்டுவிட்டு, புதியதை போர்டில் அச்சடித்திருக்கும் பிளஸ் குறியைப் பார்த்து வரிசையாக மாட்டினேன். ஒவ்வொன்றாகக் கழற்று, எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று பார், பிறகு மாட்டு, பக்கம் மாறினால் வெடிக்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவன் நான்தான். அவசரம். இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. புதன்கிழமை பட்டறையில் வைத்து இணைத்தேன், நாற்பது நிமிஷத்தில் பட்டென்று ஒரு சத்தம், மீன் நாற்றம், புகை. பதினோரு பேர் வேலையை விட்டுவிட்டுப் பார்க்கிறார்கள். சாக்ஸ் அக்கா நிதானமாக வந்து குனிந்து பார்த்து, ஏன் தம்பி, இதுவும் டிசைன்ல ஒண்ணா என்றாள். பிளக்கைப் பிடுங்கி மெஷினை மறுபடி வீட்டுக்குத் தூக்கிவந்தேன்.

அதே மாடல் நம்மிடம் ஒன்று இருக்கிறது, மூன்றாம் தட்டில், மேலே ‘உதிரிக்கு’ என்று எழுதி ஒட்டியது. ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ சரிசெய்த மெஷின். வியாழக்கிழமை காலை ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, உதிரி எடுக்கலாம் என்று அதன் மூடியைக் கழற்றினேன். நம் வழக்கம் தெரியுமே, ஒவ்வொரு மெஷினின் மூடிக்குள்ளும் ஓர் அட்டை, யார் திறந்தாலும் தேதி, பார்த்தது, செய்தது, கையெழுத்து. திறந்ததும் முதலில் அட்டையைப் படி, பிறகுதான் கை வை. இந்தச் சட்டத்தைப் போட்டவனும் நான்தான். அதில் என் அட்டை இருந்தது, ‘கெபாசிட்டர் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது, திருத்தினேன், ஒன்பதாம் நாள் வெடித்தது, சால்டரிங் சூட்டில் போர்டு பழுது, உதிரிக்கு’ என்று. டேப் காய்ந்துபோய் அது கையோடு வந்துவிட்டது. அதற்கு அடியில் இன்னோர் அட்டை. உன் எழுத்து. வெடித்ததற்கும் உன் சால்டரிங்தான் காரணம் என்ற கோபத்தில் உன் அட்டை மேலேயே என்னுடையதை ஒட்டியிருக்கிறேன், அதுவும் படிக்காமல்.

பதினான்காவது கெபாசிட்டரின் இடத்தைப் பற்றி நீ எழுதியதை அப்படியே எழுதுகிறேன். ‘சி-14. பழையது குறிக்கு எதிர்ப்பக்கம் நின்றது. அளந்தேன், இந்த ஓர் இடத்தில் மட்டும் மைனஸ் 12 வோல்ட் வருகிறது. மீட்டரில் மைனஸ் சரியாகத் தெரியவில்லை, அதனால் வயரை மாற்றி வைத்து இன்னொரு தடவை அளந்தேன், அதேதான். போர்டில் அச்சடித்த குறி தவறு. பழையது நின்ற மாதிரியே மாட்டினேன். அண்ணன் வந்ததும் காட்டணும்.’

நான் அதை நாலைந்து தடவை படித்தேன். பிறகு மீட்டரை எடுத்து அளந்தேன். நீ சொன்னது சரி. தொழிற்சாலையில் மாட்டியவர்களுக்கு அச்சு தவறு என்று தெரிந்திருக்கிறது, அவர்கள் சரியாகத்தான் மாட்டியிருக்கிறார்கள், அச்சை மட்டும் திருத்தாமல் விட்டுவிட்டார்கள். என்னைப் போல எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுக் குறியை நம்புகிறவன்தான் மாட்டிக்கொள்வான். நீ ஒவ்வொன்றாகக் கழற்றியிருக்கிறாய், எதிர்ப்பக்கம் நிற்கிறதே என்று நின்று யோசித்திருக்கிறாய், அந்த மஞ்சள் மீட்டரில் மைனஸ் கோடு பாதி செத்திருந்தது, அதைக்கூட மறக்காமல் வயரை மாற்றிச் சோதித்திருக்கிறாய். பதினைந்து வயது. நான் நான்கு நாள் வேலையாக வெளியூர் போயிருந்தேன், கேட்க ஆள் இல்லை. என் ஆபீஸ் டீமில் டிகிரி வாங்கிய ஆறு பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருத்தர்கூட அச்சடித்த குறியைச் சந்தேகப்பட மாட்டார்கள். நானே படவில்லை, ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. உன் சால்டரிங்கையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன், நீ மாட்டிய பதின்மூன்று இன்னும் அப்படியே இருக்கிறது, ஒவ்வொன்றும் சின்ன மலை மாதிரி, பளபளவென்று, ஒன்றில்கூட ஈயம் வழியவில்லை. பிய்ந்திருந்த ஒரே இடம் சி-14, அதை அவசரமாகக் கழற்றி மறுபடி மாட்டியது நான். போர்டைக் கெடுத்தது என் சூடு.

ஊரிலிருந்து வந்த அன்றைக்கு என்ன பேசினேன் என்பது எனக்குப் பாதிதான் ஞாபகம் இருந்தது. மீதியை அத்தையிடம் கேட்டேன், அவள் கீரைக்கட்டைப் பிரித்துக்கொண்டே முழுசாகச் சொன்னாள். அவ அண்ணா கார்டப் பாருண்ணா, கார்டப் பாருண்ணான்னு பின்னாடியே வந்தா, நீ பிளஸ் எது மைனஸ் எதுன்னு தெரியாதவளுக்கு கார்டு ஒண்ணுதான் கேடுன்ன, உன் கைக்கு இதெல்லாம் வராது, போய்ப் பாடத்தப் படின்ன. மறுநாள் அவ அந்த நீலப் பிடி ஸ்க்ரூ டிரைவரக் கொண்டுவந்து உன் மேஜைல வச்சா, நீ தலை நிமிராம, நல்லதாப் போச்சு, தேடிட்டிருந்தேன்ன. இதைச் சொல்லிவிட்டு அத்தை, நான் அப்பவே உன் மண்டைல ஒண்ணு போட்டிருக்கணும், இப்ப எட்டல என்றாள். அது நான் உனக்கு உன் பதினோராவது பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த ஸ்க்ரூ டிரைவர். அதை நீ திருப்பி வைத்த பிறகு பின்னறைக்கு வந்தது டீ கொடுக்க மட்டும்தான். படிப்பு அதிகமாகிவிட்டது போல என்று நான் நினைத்துக்கொண்டேன், எனக்கு வசதியாக இருந்தது.

அப்பா அம்மா போனபோது உனக்கு ஒன்பது, எனக்கு இருபது. அன்றிலிருந்து உன் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் ‘பெற்றோர் கையெழுத்து’ என்று இருக்கும் இடத்தில் நான்தான் போட்டேன். அந்தக் கையெழுத்துக்காரன் சொன்னால் பிள்ளை நம்பும். நீயும் நம்பிவிட்டாய். நான் ஒரு மெஷினைத் தப்பாகப் பார்த்தேன், அதோடு உன்னையும் தப்பாகப் பார்த்து எழுதி ஒட்டிவிட்டேன், அதை வைத்து நீ இப்போது ஒரு படிவத்தை நிரப்பப் போகிறாய்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ பரவாயில்லண்ணா விடு என்று இரண்டு செகண்டில் என்னை மன்னித்து அனுப்பிவிடுவாய், உன் மனசுக்குள் மட்டும் அந்தப் பழைய அட்டை அப்படியே இருக்கும். அதனால்தான் எழுத்தில். மேலே எழுதியதை அண்ணியிடம் காட்டினேன், அவள் படித்துவிட்டு, நல்ல சர்வீஸ் ரிப்போர்ட், தப்பு என்னுது, மன்னிச்சுக்கோன்னு எங்கயாவது எழுதியிருக்கியா என்றாள். எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். தப்பு என்னுடையது சில்லு. என்னை மன்னித்துவிடு. அவசரப்பட்டு மன்னிக்க வேண்டாம், நேரம் எடுத்துக்கொள்.

கருவிப் பிரிவை எடு என்று நான் சொல்லவில்லை. கணக்கு உனக்குப் பிடித்திருந்தால் தாராளமாக அதையே எழுதிக் கொடு, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் என் கைக்கு வராது என்பதை மட்டும் காரணமாக எழுதாதே. அந்தக் காரணம் சரியாக அளக்காமல் சொன்னது.

சாக்ஸ் அக்கா கதையை முடித்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை சி-14ஐ நீ எழுதிய மாதிரி மாட்டிக் கொண்டுபோனேன். நேற்று மாலை வரை பதினேழு மணி நேரம் ஓடிவிட்டது, முதலில் வந்தது குழந்தைகளுக்கான சின்ன சாக்ஸ், சிவப்பில் வெள்ளைக் கோடு. யார் கண்டுபிடித்தது என்று அவளிடம் சொன்னேன், ஆறு வருஷக் கதையையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, அப்ப அடுத்த தடவை அந்தப் பொண்ண வரச் சொல்லு, நீ கூட வந்து பையத் தூக்கு என்றாள். முதல் ஜோடியைத் தனியாக எடுத்து, இது அவளுக்கு, கால் நுழையாது, சும்மா வச்சுக்கட்டும் என்று கொடுத்தாள்.

பார்சலை நாளைக் காலை கூரியரில் போடுகிறேன், புதன்கிழமை உன் கைக்கு வரும். உள்ளே இந்தக் கடிதத்தோடு அந்தச் சாக்ஸ், நீலப் பிடி ஸ்க்ரூ டிரைவர், உன் அட்டையின் நகல். அசல் மெஷினோடுதான் இருக்க வேண்டும், சட்டம் சட்டம்தான். ஹாஸ்டலில் கெட்டிலையும் ஹீட்டரையும் ஒரே பிளக்கில் செருகாதே, எக்ஸ்டென்ஷன் வயர் சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்துச் சொல். சளிக்கு டாக்டரைப் பார். நீ தொடுவதெல்லாம் நல்லபடி நடக்கட்டும், உடம்பும் மனசும் திடமாக இருக்கட்டும். அத்தை தன் பங்குக்கும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், கூடவே எண்ணெய் வைக்காமல் தலையைக் காயவிடாதே என்றும்.

உன் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட,
அண்ணன்

இனி நான் செய்யப்போவது:

1. பதினான்காம் தேதி வரை உனக்குப் போன் செய்யாமல் இருப்பது. அத்தையையும் செய்ய விடாமல் பிடித்து வைப்பது, அதுதான் கஷ்டம்.

2. இந்த மாடலை வைத்திருப்பவர்கள் குழுவில் சி-14 பற்றி எழுதுவது. நூற்று நாற்பது பேர் இருக்கிறார்கள், இன்னும் எத்தனை பேர் குறியை நம்பி மாட்டுவார்களோ. கண்டுபிடித்தது யார், எந்த வயதில் என்பதும் அதில் இருக்கும்.

3. அந்த மஞ்சள் மீட்டரைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது.

4. மூன்றாம் தட்டு மெஷினில் நான் கெடுத்த இடத்தைச் சரிசெய்வது. ‘உதிரிக்கு’ என்ற சீட்டைக் கிழிப்பது. ஓடுவது பத்தொன்பது ஆகும்.

5. என் அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு, மூடிக்குள் உன் அட்டையை மட்டும் புது டேப் வைத்து ஒட்டுவது. அதன் கீழே, உன் கையெழுத்துக்கு அடுத்து, ஒரு வரி: ‘9.3.2025. அண்ணன் வந்தான், பார்த்தான். தங்கை எழுதியது சரி.’