ராணி நான்தான்

மார்ச் 1, ஞாயிறு

வீடியோ கேம் கன்ட்ரோலரின் இடது குச்சி மறுபடியும் தானாக நகர ஆரம்பித்துவிட்டது. நான் விரலே வைக்காமல் என் வீரன் பாட்டுக்குப் பள்ளத்தை நோக்கி நடந்து போய் விழுந்து சாகிறான். திறந்து, தூசி தட்டி, மூடினேன். இப்போதைக்கு நிற்கிறான்.

வயர் இல்லாதது வாங்கு என்கிறார்கள். வாங்க மாட்டேன். சண்டை உச்சத்தில் இருக்கும்போது சார்ஜ் தீர்ந்துபோவது எதிரிக்குச் செய்கிற உதவி. வயர் உள்ளதுதான் கன்ட்ரோலர், மற்றதெல்லாம் அலங்காரம். யார் வேண்டுமானாலும் என்னோடு வாதாட வரலாம்.

அண்ணன் மட்டும்தான் என் மாடியறைக்கு வந்தான், அதுவும் பாதிப் படி வரைக்கும். "முப்பத்தாறு வயசாச்சு. இன்னும் அந்தப் பொம்மையைக் கட்டிக்கிட்டு அழறே!" சொல்லிவிட்டு இறங்கிப் போய் சாயங்காலம் வரை டிவியில் கிரிக்கெட் பார்த்தான். ஊரார் ஆடுவதை உட்கார்ந்து பார்த்தால் ரசனை; நானே ஆடினால் வெட்டிப்பொழுது. என்ன கணக்கு இது?

மார்ச் 5, வியாழன்

நான் வேலை செய்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற மெஷின் பழுது. மெக்கானிக் வரும்வரை எனக்கு வேலையில்லை. கவுன்ட்டரில் இருக்கும் பெண் போனை நீட்டினாள். "அக்கா, இதைப் பாருங்களேன். அப்படியே நீங்கதான்!"

'மாடி ராணி' என்று ஒரு வெப்காமிக், இணையத்தில் வாராவாரம் வருகிற படக்கதை. மாடியறையில் கிரீடம் வைத்துக்கொண்டு ஒருத்தி கேம் ஆடுகிறாள். கீழே வீடே இடிந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். கடை முழுக்கச் சிரித்தது, கண் டாக்டர் உட்பட. எனக்கும் சிரிப்பு வந்தது, இல்லையென்று சொல்ல முடியாது.

ஆனால் அந்தக் கை! இரண்டு கட்டைவிரலும் பொத்தான் மேல், மற்ற விரல்களெல்லாம் பூப் பறிக்கிற பாவனையில். கன்ட்ரோலர் பிடிக்கிற லட்சணமா இது? கடையில் யாருக்குமே அது உறுத்தவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

'மாடி ராணி' முழுவதும் படித்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை, அதனால் என் கருத்தை இங்கே எழுதுகிறேன்.

வெப்காமிக்கில் சிரிப்பு படத்தில் இல்லை, இரண்டு படத்துக்கு நடுவிலிருக்கும் வெற்றிடத்தில் இருக்கிறது. கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் போகிறோம், ஒன்றுமில்லை, இன்னும் ஒன்றுமில்லை, அப்புறம் டமார். இது தெரியாதவர்கள் கட்டத்துக்குக் கட்டம் வசனத்தைத் திணிக்கிறார்கள். வாராவாரம் கதவு திறக்கிற இடத்தில் 'தொடரும்' போடுகிறவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். இந்த ஆளுக்கு வெற்றிடம் தெரிகிறது. கோடும் சுத்தம்.

குறை இரண்டு. ஒன்று, கை. இரண்டு, மாடிக்கு வந்து ராணியின் எச்சில் தட்டுகளை எடுத்துப் போகிற கீழ்வீட்டுப் பெண்ணுக்கு முகமே இல்லை. எப்போதும் முதுகு, இல்லாவிட்டால் புடவைத் தலைப்பு. முகம் வரைய வராதா, சோம்பலா? 'தேய்ந்த குச்சி' என்ற பெயரில் காமிக்கின் கீழேயே இரண்டையும் காரமாக எழுதிப் போட்டேன்.

பதில் வந்திருக்கிறது! "கை எப்படி இருக்கணும்னு சொல்லுங்க, திருத்திக்கிறேன்." முகத்தைப் பற்றி மட்டும் மூச்சு இல்லை.

விளக்கமாக எழுதினேன். ஆள்காட்டி விரல்கள் மேல்விளிம்பில், பின்னால் இருக்கிற விசைகளின் மேல். கட்டைவிரல்கள் குச்சிகளில். மணிக்கட்டு மடியில். பாவனை எதுவும் வேண்டாம்.

மார்ச் 13, வெள்ளி

இன்றைய அத்தியாயத்தில் ராணியின் விரல்கள் அத்தனையும் அதனதன் இடத்தில். உலகத்தில் ஒரே ஒரு தப்பையாவது திருத்திவிட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்துவிட்டது. கோபத்தில்தான்.

புது அத்தியாயம். ராணி கடைசி எதிரியை அடித்துக்கொண்டே கத்துகிறாள்: "வாடா என் மருமகனே!"

அது என்னுடையது. நான் மட்டும் கத்துகிறது. கடையில் கத்தினதில்லை, ஆன்லைனில் யாரோடும் ஆடினதில்லை. இந்த அறையில்தான் கத்துவேன், கேட்டால் கீழே இருக்கிற அண்ணன், அண்ணி இரண்டு பேருக்குத்தான் கேட்கும். அண்ணன் கோடு போட்டால் ஸ்கேலே வளைந்துவிடும்.

அப்போ அண்ணிதானே? அண்ணியா?

கடையே சிரிச்சுதே. நானும் சேர்ந்து சிரிச்சேனே. அது பத்தாதுன்னு, என்னைக் கேலி பண்றதுக்கு நானே விரல் விரலா பாடம் நடத்தியிருக்கேன்!

மார்ச் 21, சனி

அண்ணன் வெளியே போனதும் கேட்டுவிட்டேன். அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, 'வாடா என் மருமகனே' — எங்க கேட்டீங்க?"

கத்தி நின்றது. "இந்த வீட்ல வேற யாரு அப்படிக் கத்துறா?"

மன்னிப்பும் இல்லை, மழுப்பலும் இல்லை. இத்தனை வருஷத்தில் அண்ணி உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. இப்போதும் உரக்கப் பேசவில்லை, ஆனால் பின்வாங்கவும் இல்லை.

"எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. தெரியுமா?"

"தெரியும். நல்லா இருக்குன்னுதான் சிரிக்கிறாங்க. நீதான அந்தத் தேய்ந்த குச்சி?"

"ஆமா!"

"நினைச்சேன். இவ்வளவு எரிச்சலா வேற யாரும் எழுத மாட்டாங்க." கொஞ்சம் சிரித்தார். பிறகு வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "முகம் ஏன் இல்லன்னு கேட்டியே. கீழ இருக்கறவளை யாரு பார்த்தாங்க, முகம் வரைய?"

பதில் சொல்லியிருக்க வேண்டும். வாரத்தில் ஆறு நாள் நானும்தான் நின்றுகொண்டே வேலை செய்கிறேன். எனக்கும்தான் கால் வலிக்கிறது. படியேறி மேலே வந்துவிட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

தட்டை நானே கொண்டுபோய்க் கழுவினேன். யாருக்காகவும் இல்லை. சும்மா.

மார்ச் 29, ஞாயிறு

நாளெல்லாம் அந்தப் பெரிய வாள்சண்டை கேம். எல்லாரும் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள், எனக்குப் பிடிக்கவில்லை. கேமைச் செய்தவன் ராஜ்ஜியத்தையே காப்பாற்றச் சொல்கிறான். ஆனால் அந்த ராஜ்ஜியத்தில் இருக்கிறவர்கள் கிணற்றடியில் நின்ற இடத்திலேயே நின்று சொன்னதையே சொல்கிறார்கள். மூன்று பெண்களுக்கு ஒரே முகம். மரத்தில் இலை இலையாக வரைந்தவனுக்கு இதற்கு மட்டும் நேரமில்லையாம். போய்யா நீயும் உன் ராஜ்ஜியமும் என்று அணைத்துவிட்டேன்.

அணைத்த பிறகும் கோபம் அடங்கவில்லை. யார் மேல் என்று தெரியவில்லை.

அண்ணியோடு ஒரு வாரமாகப் பேச்சு இல்லை. காமிக் மட்டும் வந்தது. நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சல்.

ஏப்ரல் 4, சனி

அண்ணன் ஆபீஸிலிருந்து வந்த வேகத்திலேயே தெரிந்தது. யாரோ 'மாடி ராணி'யை அவனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதில் சோபாவில் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிற ஒரு மன்னனும் உண்டு. அந்த மன்னனின் பனியனில் அண்ணனுடைய பனியனில் இருக்கிற அதே இடத்தில் அதே ஓட்டை.

"வீட்டு விஷயத்தைக் கொண்டுபோய் ஊர் சிரிக்க வச்சிருக்கா! இப்பவே அழி. என் கண் முன்னாடி, எல்லாத்தையும்!"

அண்ணி போனை மேஜையில் வைத்துவிட்டு நின்றார். அந்த நிலையிலும் முகத்தில் அழுகை இல்லை. பக்கத்துக் கட்டிடம் இடிவதைப் பார்க்கிறவர் மாதிரி நின்றார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "உன்னைத்தான் அசிங்கப்படுத்தியிருக்கா. நீயே சொல்லு இவகிட்ட."

சொல்லியிருக்கலாம். கோபம் எனக்கும் ஆறவில்லை. அவன் பக்கம் ஒரு தலையசைப்பு போதும், காரியம் முடிந்திருக்கும். ஆனால் 'அழி' என்றானே. அந்த ஒரு வார்த்தை. ஒருத்தர் மாதக்கணக்கில் ஆடிச் சேவ் பண்ணி வைத்ததை இன்னொருத்தர் அழிப்பதைவிடக் கேவலம் எதுவும் இல்லை. தோற்றாலும் பரவாயில்லை, ஏமாற்றி ஜெயித்தால்கூட மன்னித்துவிடுவேன். அதை மன்னிக்கவே மாட்டேன். அது யாருடைய ஆட்டமானாலும் சரி, எனக்குப் பிடிக்காத ஆட்டமானாலும் சரி.

"அழிக்கக் கூடாது" என்றேன்.

"என்னது?"

"அந்த ராணி நான்தான். எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. உனக்கு என்ன?"

"உனக்கு வெக்கமா இல்ல?"

"இல்ல. உனக்கு இருந்தா புது பனியன் வாங்கிக்க."

அண்ணியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை. அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப ரெண்டு பேரும் மாடியிலயே கிடங்க. கீழ இந்த வேலை நடக்கக் கூடாது" என்று கத்திவிட்டுப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டான்.

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அண்ணி அதை அப்படியே எடுத்துக்கொண்டார். "மேல ஜன்னல் பக்கம் இடம் இருக்கா?" என்று என்னைக் கேட்டார்.

ஏப்ரல் 6, திங்கள்

கடையில் சொல்லிவிட்டேன். "அது என்னை மாதிரி இல்ல, நானேதான். வரையறது எங்க அண்ணி." கவுன்ட்டர் பெண்ணுக்கு வாயே மூடவில்லை. டாக்டர் எழுந்து வந்து, "அந்த மன்னன் யாரு?" என்றார்.

காமிக்கின் கீழேயும் என் சொந்தப் பெயரில் எழுதினேன்: ராணி நான்தான், சந்தேகம் இருப்பவர்கள் கன்ட்ரோலரோடு வரலாம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் மடக்கிக் கிடந்த சின்ன மேஜையை இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு மேலே வந்தோம். திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. அண்ணன் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். உதவி கேட்கவில்லை நாங்கள்.

ஜன்னல் வெளிச்சம் முழுக்க அண்ணிக்குப் போய்விட்டது. பாதி அறை போச்சு. "சத்தத்தைக் குறை" என்கிறார். ஹெட்போன் போட்டால், "கத்தறதையும் குறை" என்கிறார். அதைக் குறைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரு எல்லை உண்டு.

ஏப்ரல் 26, ஞாயிறு

மதியம் மூன்று மணி இருக்கும். நான் கடைசி எதிரியோடு. அண்ணி ஒரு நீளமான கோட்டின் நடுவில், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

கதவு தட்டுகிற சத்தம். இந்த வீட்டில் யாரும் எந்தக் கதவையும் தட்டியதில்லை, அதனால் இரண்டு பேருக்கும் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

அண்ணன். கையில் தட்டு, அதில் மூன்று டீ. பாதி தட்டில் சிந்தியிருந்தது.

"உள்ள வரலாமா?"

"ஒரு நிமிஷம்" என்றோம், இரண்டு பேரும் ஒரே சமயத்தில், திரும்பிப் பார்க்காமலே.

நின்றான்.