பிட்ஸ்பேர்க்குக்குப் பத்துப் புள்ளி

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மூன்று பேஸ்போல் மைதானங்களைப் பார்த்துவிட்டு நேற்றுத்தான் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், மில்லிக்கனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். இன்று இரவுச் சாப்பாட்டின்போது மகள் துஷி ஒரு தாளில் கோடு போட்டாள். டிட்ரொயிட், கிளீவ்லாண்ட், பிட்ஸ்பேர்க், எங்கள் ரொறன்ரோ என்று நான்கு மைதானங்களுக்கும் ஆளுக்கு ஆள் பத்துக்குப் புள்ளி போட வேண்டுமாம்.

என் கணவர் சிறி, பிட்ஸ்பேர்க்குக்குப் பத்துப் போட்டார். அங்கேதான் மழையால் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். நாங்கள் படிக்கட்டுக்குக் கீழே நனைந்துகொண்டு நின்றோம். ரொறன்ரோவுக்கு நான்கு. எத்தனை வருடமாக அவர் தலையில் வைத்துக் கொண்டாடிய மைதானம்!

“சீரியஸ்லி, அப்பா? உதுக்கோ பத்து?”

“வடிவான இடம் பிள்ளை. பக்கத்தில ஆறு. வீடுகள் இஞ்சத்தைய விட மலிவு. பள்ளிக்கூடங்களும் நல்லமாம். பெரிய கோயிலும் இருக்கு.”

மைதானத்துக்குப் புள்ளி போட வீட்டு விலை எதற்கு?

“கோயிலை எப்ப பாத்தனீங்கள்?” என்று கேட்டேன்.

“வெள்ளிக்கிழமை விடிய, நீங்கள் ரெண்டு பேரும் நித்திரையா இருக்கேக்க போனனான்.” என்னைப் பார்க்காமல் சோற்றைப் பிசைந்தார்.

மத்தியானம் கார் டிக்கியில், வேலை நேர்முகத்துக்கென்று அவர் வைத்திருக்கும் கறுப்புக் கோட்டைக் கண்டேன். பெட்டி அடுக்கியது நான். கோட்டை நான் வைக்கவில்லை. கோட்டுப் போட்டுக்கொண்டு யார் கோயிலுக்குப் போகிறார்கள்?

துஷி தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் படுத்துவிட்டாள். என் பெயருக்கு நேரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை. பக்கத்தில் சிறி கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறார். குறட்டைச் சத்தத்தைத்தான் காணவில்லை.