எண் போடாத பட்டியல்

அன்புள்ள தனபாக்கியத்துக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். இது முழுக்க என் கையால் எழுதிய முதல் கடிதம். மருமகளை நிதானமாகப் படிக்கச் சொல்.

நான் காவல் காக்கும் மூலக்குளம் கம்பெனியில் ஒரு வாரமாக எரிச்சல். இவர்கள் ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதும் புரோகிராமுக்கு, லைப்ரரி என்று பிறர் எழுதி வைத்த ஆயத்தப் பகுதிகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். எது, எத்தனையாவது பதிப்பு என்று பட்டியல் உண்டு. திடீரென்று எல்லாம் நின்றுவிட்டது.

"போன வாரம் ஓடுச்சேம்மா?" என்று அங்கே புரோகிராம் எழுதும் தாமரைச்செல்வியைக் கேட்டேன்.

"எங்க கூட வேலை பாக்குற கலைவாணன் பட்டியல்ல பதிப்பு நம்பர் போடாம, 'புதுசு எதுவோ அத எடுத்துக்க'ன்னு எழுதிட்டான் தாத்தா. புதுசு வந்துச்சு, எங்களுக்கு வேண்டியது அதுல இல்ல."

"நானே கேட் நோட்டுல மணி போட்டு எழுதுறேன். படிச்ச புள்ளைக்கு நம்பர் போட வலிக்குதா?"

இதைச் சரிசெய்ய எல்லோரும் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள்; அவர்கள் கிளம்பாமல் நான் கேட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வர முடியாது. பேத்தியின் காதுகுத்து தவறிவிடுமோ என்று கோபம் கோபமாக வந்தது. "வேலை முடிஞ்சதும் வரேன்" என்று உன்னிடம் போனில் சொன்னேனே, அதுவும் எண் போடாத பேச்சுதான். இன்று மேனேஜரிடம் சண்டை போட்டு எனக்குப் பதிலாக ஓர் ஆளைக் கேட்டு வாங்கிவிட்டேன்.

நார்த்தங்காய் ஊறுகாய் எடுத்து வை. இங்கே தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு நாக்கு செத்துவிட்டது.

கேட்டில் ஹாரன் அடிக்கிறார்கள். பதினைந்தாம் தேதி, சனிக்கிழமை, காலை ஆறு மணி பஸ்.

உன்
அரிகிருஷ்ணன்