விசாகப்பட்டினத்துக் கடற்கரையில் போட்ட அட்சதை

பல்லடம்,
புரட்டாசி கடைசி வெள்ளி

அன்பு மகன் ரவிதேஜாவுக்கு அப்பா சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு நலம், மற்றதைக் கீழே சொல்கிறேன். அமெரிக்காவில் நீயும் ஹாரிகாவும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாததால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ரசாக் எழுதுகிறார். போனிலேயே பேசலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே, அப்பா பிரஷர் ஏறிக்கும், அம்மாகிட்டக் குடுங்க என்கிறாய். கடிதத்தை அப்படி நடுவில் பிடுங்க முடியாது. இங்கே மழை பரவாயில்லை, தென்னையில் வெள்ளை ஈ மட்டும் போகவில்லை. உன் அம்மா தட்டு வைக்கிறாள், சாப்பிடுகிறேன், நானாக அவளிடம் பேசுவதில்லை.

எங்கள் நாற்பத்தைந்தாவது கல்யாண நாளுக்கு விசாகப்பட்டினம் போய்ட்டு வாங்கப்பா, ஜன்னலத் திறந்தா கடல் தெரியற ரூமாப் போட்டிருக்கேன் என்று நீ சொன்னதும் டீக்கடை முதல் ரேஷன் கடை வரை சொல்லிக்கொண்டு திரிந்தேன். திருப்பூரில் ரயில் ஏறும்போது என் தம்பி ஸ்ரீனிவாஸ் வந்து பெட்டியைத் தூக்கி வைத்து, அண்ணா, ஊரு நெனப்பே வேண்டாங்க, நான் பாத்துக்கறேன் என்றான். தம்பிக்கு என்மேல் இத்தனை பாசமா என்று நினைத்தேன். ஊர் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. கயிற்றில் தொங்கிப் போகும் வண்டியில் உன் அம்மா என் கையை விடவே இல்லை. கரையில் நிறுத்தியிருக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் இருவரும் குனிந்து குனிந்து போய்ப் பார்த்தோம். நம் வீட்டுத் தெலுங்கைக் கேட்டு ஆட்டோக்காரர் இது எந்த ஊர்ப் பேச்சு என்று சிரித்தபோது, எங்க ஆளு பேசறது பல்லடத்துக் கோழிகளுக்குத்தான் புரியும் என்று உன் அம்மா அவரிடமே சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பில் எது நிஜம், எது எனக்காகப் போட்டது என்று இப்போது உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

கல்யாண நாளன்று விடியும்போதே எழுப்பித் தலைக்குக் குளிக்கச் சொன்னாள். அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்கு அழைத்துப் போனாள். வெயில் உறைக்க ஆரம்பித்தும் திரும்ப மனசில்லை, போனையே பார்த்தபடி நின்றாள். திடீரென்று முந்தானை முடிச்சை அவிழ்த்து மஞ்சள் அரிசியை என் கையில் கொட்டி, ஏனுங்க, கண்ண மூடிட்டு நூறு வருசம் நல்லா இருக்கோணும்னு வாயாரச் சொல்லிப் போடுங்க என்றாள். இந்த வயசுல உனக்கு அட்சதையா அம்மணி என்று கேலி செய்தேன். ஆனாலும் மனசாரத்தான் சொன்னேன், அவள் தலையில்தான் போட்டேன். அழுதாள். என்னோடு வாழ்ந்ததை நினைத்து அழுகிறாள் என்று நம்பினேன் கண்ணு. பூக்காரியைக் கூப்பிட்டுப் பூ வாங்கி என் கையாலேயே வைத்துவிட்டேன்.

ஊர் திரும்பிய மறுநாள் தோப்பைப் பார்த்துக்கொள்ளும் காளிச்சாமி வந்து, நம்ம ஷ்ரவ்யா அம்மணி கண்ணாலத்துல நீங்க இல்லாதது ஒண்ணுதானுங்க கொறை, சாப்பாடு பிரமாதமுங்க என்றார். அவர்மேல் தப்பில்லை, எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறார். உள்ளே போய் உன் அம்மாவைக் கேட்டேன். எதையும் மறைக்கவில்லை. மாப்பிள்ளை, கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் நம் ஷ்ரவ்யாவோடு ஒரே ஆபீசில் வேலை பார்க்கும் சாமுவேல் என்ற பையன். நாள் குறித்தது நீ, எங்களை ரயில் ஏற்றியதும் நீ. என் இடத்தில் நின்று என் மகள் கையைப் பிடித்துக் கொடுத்தது ஸ்ரீனிவாஸ். அவளுக்குத் தாலி ஏறும் நேரத்துக்குத்தான் கடற்கரையில் என் கையில் அரிசி. பொய் சொல்லி என் வாயிலிருந்து ஆசீர்வாதத்தை வாங்கியதற்கு, நடுரோட்டில் என் வேட்டியை உருவியிருக்கலாம். ரசாக் எழுதுவதை நிறுத்தி, இது வேணுங்களா பெரியவரே, தம்பி மனசு சங்கடப்படும் என்கிறார். எழுதுங்க, படட்டும் என்றேன்.

வடக்குத் தெருவில் ஒரு பெண் வேறு சாதியில் கட்டியபோது, நம்ம ஊட்டுல இப்படி நடந்தாத் தலை முழுகிருவேன்னு சொன்னீங்கள்ல, ஷ்ரவ்யா அப்பக் காப்பி கொண்டாந்துட்டு அங்கதான நின்னா என்கிறாள் உன் அம்மா. சொன்னேன். நாலு பேர் நடுவில் ஆம்பிளை பேசுகிற பேச்சு அது. அதை ஞாபகம் வைத்தவர்கள் இன்னொன்றை ஏன் மறந்தீர்கள்? நான் பேசி முடித்திருந்த பொள்ளாச்சி மாப்பிள்ளை வேண்டாம் என்று ஷ்ரவ்யா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். ஏன் என்றுகூட நான் கேட்கவில்லை. மறுநாளே பஸ் ஏறிப் போய் அந்தப் பையனின் பெரியப்பா சென்னகிருஷ்ணன் வாசலில் நின்று, சம்பந்தம் வேண்டாம் என்றேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, நீங்க புள்ளைய வளத்துனீங்களா, புள்ள உங்கள வளத்துச்சுங்களா என்று கேட்டார். அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் கேட்டதைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை.

கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பீர்களா என்கிறாள் உன் அம்மா. கத்தியிருப்பேன். இரண்டு வேளை சாப்பிட்டிருக்க மாட்டேன். அதற்குப் பிறகு? தெரியவில்லை கண்ணு. அந்தப் பையனை உட்கார வைத்துப் பேசியிருப்பேனோ, விரட்டியிருப்பேனோ. நான் எப்படிப்பட்ட அப்பன் என்று நானே தெரிந்துகொள்ள ஒரு சமயம் வந்தது. நீங்கள் நாலு பேரும் சேர்ந்து அதை நடக்கவிடாமல் செய்துபோட்டீர்கள். நல்லவனாக இருந்திருப்பேனா என்று இனி எனக்கே தெரியப்போவதில்லை.

இப்போது தீபாவளிக்கு நாங்கள் இருவரும் ராமேஸ்வரம் போய் வரட்டும், மனசு ஆறும் என்று நீ சொன்னதாக உன் அம்மா சொன்னாள். எனக்கு இனிக் கடல் வேண்டாம். டிக்கெட் போட்டிருந்தால் கேன்சல் செய்துவிடு. ஷ்ரவ்யாவுக்கு இது தலைத்தீபாவளி. பெண்ணையும் மாப்பிள்ளையையும் வீடு தேடிப் போய் அழைக்க வேண்டியது பெண்ணைப் பெற்றவன். அதற்கும் ஸ்ரீனிவாஸ் வேட்டியை மடித்துக் கட்டுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை நானே சரவணம்பட்டிக்குப் போகிறேன். உன் அம்மாவுக்குச் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அந்தப் பையனைப் பார்த்ததும் என் வாயில் என்ன வரும் என்றும் தெரியாது. ஷ்ரவ்யாவிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும், என்னைக் கண்டு உனக்கு அவ்வளவு பயமா என்று.

ஹாரிகாவையும் பேத்தியையும் நன்றாகப் பார்த்துக்கொள். மூவரும் நோய் நொடி இல்லாமல் இருங்கள், கோபத்திலும் இதைத்தான் சொல்ல வருகிறது. ரசாக் இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து இப்போதே உன் போனுக்கு அனுப்புகிறார். படித்ததும் தங்கைக்குப் போன் போடாதே. கதவைத் திறந்து என்னைப் பார்க்கும்போது அவள் முகம் எப்படிப் போகிறது என்று யாரும் சொல்லிக் கொடுக்காமல் நான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
லட்சுமணசாமி
(கைநாட்டு)