நடப்பதற்கு ஒரு பஸ்

மே 27, 1984. ஞாயிறு

காலையிலேயே வெயில் சுள்ளென்று. நேற்றுத் தோய்த்த கான்வாஸ் சப்பாத்து காயவில்லை. ஈரத்தோடு மாட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

அண்ணன், பேப்பருக்குப் பின்னாலிருந்து: "நடக்கிறதுக்கு பஸ் ஏறிப் போகவேணுமோ? பிரிக்பீல்ட்ஸிலை ரோட்டு இல்லையோ?"

"டொக்டர் மேடு பள்ளத்திலை நடக்கச் சொன்னவர், அண்ணை. ஒபிஸ் ரோஹானியும் வாறாள்."

பிரஷர் உண்மை. டாக்டர் உண்மை. ரோஹானி பொய். பக்கத்து மேசை டைப்பிஸ்ட் அவள், மலாய்க்காரி; ஞாயிறு என்றால் மத்தியானம் வரை தூக்கம். கூட வருபவர் தாஸ். எங்கள் ஆபீஸ் டைப்ரைட்டர்களைப் பழுது பார்க்க வருகிறவர். கிள்ளான்காரர், ரயில்வே குடும்பம், கத்தோலிக்கர். மனைவி இறந்து ஆறு வருடம். நாங்களோ யாழ்ப்பாணத்துச் சைவம். எனக்கு முப்பத்தொன்பது வயது, அம்மா அப்பா போனபின் அண்ணன் வீட்டில். இதை அண்ணனிடம் எந்த முனையிலிருந்து ஆரம்பிப்பது?

ஆகவே விதி. போட்டவள் நான். புடுராயா பஸ் நிலையத்தில் தெரியாதவர்கள் போல் நிற்க வேண்டும். பஸ்ஸில் நான் முன்னால், அவர் பின்னால். மரங்களுக்குள் போன பிறகுதான் பேச்சு. எந்த பஸ்ஸிலும் பிரிக்பீல்ட்ஸ் ஆள் ஒருவராவது இருப்பார்.

இன்று டெம்ப்ளர் பார்க். ஓடையில் தண்ணீர் ஜில். பாசியில் இரண்டு தடவை வழுக்கல். கணுக்காலில் அட்டை. நான் போட்ட கூச்சலில் குரங்குகள் கிளை மாறின.

"அசையாதீங்க மிஸ்." குனிந்து உட்கார்ந்து உப்பு வைத்து எடுத்தார். அதன் பிறகும் கொஞ்ச நேரம் காலை விடவில்லை, ரத்தம் நிற்க வேண்டுமாம். அட்டைக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

திரும்பும்போது கண்டக்டர், பஸ் முழுக்கக் கேட்க: "அக்கா, உங்க டிக்கெட்டையும் பின்னால அங்கிள் எடுத்துட்டாரு." நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். அடுத்த வாரம் அவருக்கு ஏச்சு இருக்கிறது.

மே 30, புதன்

மழை. ஆபீசில் வேலை குறைவு. பஸ்ஸில் போய் நடக்கக் கூடிய இடங்கள், இதுவரை:

டெ.பா. – ரவாங் பஸ். நிழல் நன்று. அட்டை (மேலே பார்க்க).
கெப்போங் காடு – பஸ் இறங்கி நிறைய நடை. பாதை சமம். என் முழங்காலுக்கு ஏற்றது.
புக்கிட் நனாஸ் – நகரத்துக்கு நடுவில். ஆபீஸ் கும்பல் சாப்பிட வரும் இடம். வேண்டாம்.
பத்துமலை – சொந்தக்காரர் அத்தனை பேரும் அங்கேதான். வேண்டவே வேண்டாம்.
உலு லங்காட் – காஜாங் போய் பஸ் மாற வேண்டும். தூரம். தூரம் நல்லது.

தையல்காரியிடம் ரவிக்கை வாங்க வேண்டும். அண்ணனின் கண் மருந்து.

ஜூன் 3, ஞாயிறு

வெயில், புழுக்கம். கெப்போங்.

புறப்படும்போது மச்சாள் (பெரிதாகப் பேச மாட்டாள் என் அண்ணன் மனைவி, பார்வை மட்டும் கூர்மை) இரண்டு சாப்பாட்டுப் பெட்டி நீட்டினாள். இடியப்பம், சம்பல், உருளைக்கிழங்குப் பிரட்டல். "அந்தப் பிள்ளையும் பசியோடை நடக்கக் கூடாது."

அந்தப் பிள்ளை இரண்டாவது பெட்டியைத் துடைத்து வழித்துச் சாப்பிட்டது. "யாழ்ப்பாணத்து சம்பல் நல்லாத்தான் இருக்கு, ஆனா காது வழியா புகை வருது லா" என்றது. வழியில் மலாய்க் கடைகள் எல்லாம் மூடல். நல்லவேளை, கையில் சாப்பாடு.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னார். முதலாளி தெற்குக் கோடியில், ஜொகூர் பாருவில் கடை திறக்கிறாராம், இவரைப் போகச் சொல்கிறாராம். இந்த மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும்.

"நான் வந்து உங்க அண்ணன்கிட்ட பேசட்டுமா மிஸ்? அவரு சரின்னா நான் எங்கயும் போகல."

"இப்ப வேண்டாம்."

"எப்ப?"

மூங்கில் காற்றில் முனகியது. நானும் ஏதோ முனகினேன். வீடு திரும்பி இரண்டு காலிப் பெட்டிகளையும் மச்சாளிடம் கொடுத்து, ரோஹானிக்கு உறைப்பு ஆகாதாம் என்றேன். வாங்கிக் கழுவி வைத்தாள்.

ஜூன் 4, திங்கள்

சாப்பாட்டு நேரம். நான் பெட்டியைத் திறக்கிறேன், பக்கத்தில் ரோஹானி மேசையில் தலை சாய்த்துப் படுத்திருக்கிறாள். கொஞ்சம் சாப்பிடேன் என்றேன். "புவாசா லா, சாரதா. மறந்துட்டியா?"

கடவுளே.

நோன்பு தொடங்கியது எனக்குத் தெரியும். சனிக்கிழமையே ஆபீசில் பாதிப் பேர் வாய் உலர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். தெரிந்தும் மண்டையில் ஏறவில்லை. எங்கள் வீட்டுக் கணக்கில், நோன்பு பிடிக்கும் ரோஹானி நேற்று பட்டப்பகலில் ஒரு பெட்டி இடியப்பம் தின்றிருக்கிறாள். மச்சாள் அந்தப் பெட்டியைக் கழுவியிருக்கிறாள்.

இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவள் பொய் சொல்லும் அழகு இது.

ஒரே கடிதத்தை மூன்று முறை பிழையாக அடித்தேன். வீட்டுக்குப் போகவே கால் வரவில்லை. போனால், மச்சாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். "தேத்தண்ணி போட்டுக் குடி" என்றாள். அவ்வளவுதான்.

ஜூன் 8, வெள்ளி

இன்னும் ஒன்றும் வெடிக்கவில்லை. மச்சாளுக்கும் நோன்பு ஞாபகம் இல்லையோ? ஆனால் தெருமுனையில் நோன்புப் பலகாரம் வாங்கி வந்ததே அவள்தான்.

அண்ணனிடம் சொல்லியிருப்பாளா? சொல்லியிருந்தால் வீட்டில் இந்த அமைதி இருக்குமா? சொல்லாவிட்டால் ஏன் சொல்லவில்லை? பிரஷர் ஏறியிருக்கும். மாத்திரை போட்டேன்.

ஜூன் 10, ஞாயிறு

மேகமூட்டம். இன்று போவதில்லை என்று முடிவு செய்து சமையலறைக்குள் போனால், மேசையில் இரண்டு பெட்டி. துணியில் கட்டி, முடிச்சுப் போட்டு. மச்சாளின் முகத்தைப் பார்த்தேன். அவள் கேத்தலைப் பார்த்தாள்.

போனேன். உலு லங்காட். திறந்து பார்த்தால், ஒரு பெட்டியில் சம்பல் வழக்கம் போல் சிவப்பு. மற்றதில் மிளகாய் குறைத்து, தேங்காய் கூட்டி, வெளுப்பாக. முதல் வாயிலேயே எனக்குப் புரையேறிவிட்டது. தாஸ் பயந்துபோய்த் தண்ணீர் ஊற்றித் தந்தார். நோன்பு விஷயத்தைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு சிரிப்பு அடங்கி, "அப்ப அவங்களுக்குத் தெரியும்" என்றார்.

"மச்சாளுக்குத் தெரியும். அண்ணை வேறை."

"நான் ஜொகூருக்கு என்ன சொல்லட்டும்?"

கேள்வியை ஓடையில் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் சப்பாத்து நாடா அவிழ்ந்திருந்தது என்று குனிந்து கட்டிவிட்டார். எனக்கு இந்த மனிதரைப் பிடித்திருக்கிறது. இங்கே எழுதினால் போதாது, தெரியும்.

ஜூன் 14, வியாழன்

வேலை முடிந்து வந்தால் என் கான்வாஸ் சப்பாத்து படியில் வெள்ளை பூசிக் காய்கிறது. மச்சாள் வேலை என்று நினைத்தேன். இல்லை, அண்ணன் விரல் நகத்தில் வெள்ளை.

"செம்மண் ஒட்டிக் கிடந்தது. அட்டை உள்ள இடமோ?"

"ஓம்."

"உப்புக் கொண்டுபோ."

மேற்கொண்டு ஏதாவது கேட்பார் என்று நின்றேன். பேப்பரை விரித்துவிட்டார்.

ஜூன் 17, ஞாயிறு

மறுபடி டெ.பா. காலையில் வெயில், மாலையில் வானம் கறுத்தது. ரோட்டோரம் முழுக்க டுரியான் கடைகள்.

திரும்பும் பஸ்ஸில் ஒரே நெருக்கடி. விதிப்படி நான் முன் கதவில் ஏறினேன், அவர் பின் கதவு. விதிப்படி நான் திரும்பிப் பார்க்கவில்லை. புடுராயாவில் எல்லோரும் இறங்கினார்கள். தாஸ் இறங்கவில்லை. எட்டிப் பார்த்தேன். பின் சீட்டில் ஒரு கசங்கிய பேப்பர், வேறொன்றும் இல்லை.

ஜொகூர் என்றால் என்ன என்று அப்போதுதான் புரிந்தது. நான் முன்னால் பார்த்தபடி கௌரவமாக உட்கார்ந்திருப்பேன். பின்னால் ஆள் இருக்காது.

அடுத்த ரவாங் பஸ்ஸில் ஏறித் திரும்பிப் போனேன். இருந்தார். அதே இடத்தில், கடைக்காரர் கொடுத்த ஸ்டூலில், காலடியில் ஒரு டுரியான். சீனப் பாட்டி ஒருத்திக்குக் கூடை தூக்கிவிட்டுத் திரும்புவதற்குள் பஸ் போய்விட்டதாம்.

"அடுத்த பஸ்ஸிலை வந்திருக்கலாமே?"

"நீங்க திரும்பி வருவீங்க. நான் அதுல போய், நீங்க இதுல வந்து... அப்புறம் யாரு யாரைத் தேடறது?"

பஸ் வந்தது. முன்பக்கம் இரட்டை சீட் காலி. நான் ஜன்னலோரம் நகர்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினேன். அவர் உடனே உட்காரவில்லை. "யாராச்சும் பாப்பாங்க, சாரதா." முதல் தடவை மிஸ் இல்லை.

"பாக்கட்டும்."

புடுராயாவில் கிள்ளான் பஸ் பிடிக்கத் திரும்பினார். நான் பிரிக்பீல்ட்ஸ் மினி பஸ்ஸைக் காட்டினேன். "ஏறுங்கோ." கண்டக்டர் பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு, டுரியானுக்கு இடமில்லை என்றான். அதற்குள் ரேடியோவில் நோன்பு திறக்கும் பாங்கு. அவன் அவசரமாக ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, சரி போ என்று கையைக் காட்டிவிட்டான்.

பிரிக்பீல்ட்ஸில் இறங்கினால் ஸ்டாப்பில் அண்ணன். கையில் குடை. வானத்தைப் பார்த்து வந்திருக்கிறார். முதலில் என்னைப் பார்த்தார், பிறகு தாஸை, பிறகு தாஸ் கையில் இருந்த இரண்டு சாப்பாட்டுப் பெட்டிகளை, டுரியானை. தெருவில் பாதிப் பேர் மோப்பம் பிடித்துத் திரும்பிவிட்டார்கள்.

"இவர்தானோ ரோஹானி?"

"ஓம், அண்ணை."

தாஸ் கும்பிடப் பார்த்தார், கையில் இடமில்லை. அண்ணன் இரண்டு பெட்டிகளையும் வாங்கி என்னிடம் கொடுத்தார். "ரெண்டு கிழமையா உன்ரை மச்சாள் கேக்கிறாள், எப்ப கூட்டிக்கொண்டு வருவாள் எண்டு."

தூறல் பிடித்துவிட்டது. குடை ஒன்றுதான். அதைத் தாஸ் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அண்ணன் நடந்தார். டுரியான் நனையக் கூடாதாம்.