ஹவானா என்று கூப்பிடாத நாட்கள்

மே 18, 2009. திங்கள்
வெயில், ஆனால் காற்றில் குளிர். கனடாவில் விக்ரோறியா டே விடுமுறை, வேலை இல்லை. புல் வெட்டலாமென்று மெஷினை வெளியே எடுத்தேன். அது அப்படியே முற்றத்தில் நிற்கிறது.

ஊரில் சண்டை முடிந்துவிட்டதாம். காலையிலிருந்து ரேடியோ, டிவி, தொலைபேசி, எங்கும் ஒரே செய்தி. சாந்தி சமைக்கவில்லை. அவளுடைய தம்பி தயாவும் அவன் பெண்சாதி கௌரியும் கடைசிவரை சண்டை நடந்த இடத்துக்குள்ளே நின்றவர்கள். மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. மத்தியானம் பாணும் வாழைப்பழமும்.

மகள் ஹவானா இன்றைக்கும் யூனிவேர்சிற்றி அவெனியூவில், அமெரிக்கன் கொன்சுலேற்றுக்கு முன்னால் ஆர்ப்பாட்டத்தில். கத்திக் கத்திக் குரல் கம்மி வந்தாள். ஒரு ரிப்போர்ட்டர் பேர் கேட்டாளாம்.

"ஹவானா எண்டு சொன்னன் அப்பா. அவ 'ரியலி?' எண்டா. அமெரிக்காட்டக் கெஞ்ச ஹவானா வந்து நிக்குது, நல்ல ஸ்ரோறி எண்டா."

எனக்குச் சிரிப்பு வந்தது. இன்றைக்குப் போய்ச் சிரிப்பு. வெட்கமாக இருந்தது.

பொழுதுபட்டதும் பார்க்கில் வாணவெடி. ராணி பிறந்தநாளுக்கு. சாந்தி ஒவ்வொரு வெடிக்கும் காதைப் பொத்தினாள். "இண்டைக்கோ இவைக்கு?"

மே 21. வியாழன்
மழைத் தூறல். தயா இல்லை. ஷெல். வவுனியாவிலிருந்து ஒருவர் லண்டனுக்குச் சொல்லி, லண்டனிலிருந்து எங்களுக்கு. கௌரி உயிரோடு முகாமில்.

வேலைக்குப் போன் அடித்து லீவு கேட்டேன். என்ன உறவு என்றான் சூப்பவைசர். மனைவியின் தம்பி என்றேன். அது லிஸ்ற்றில் இல்லையாம். இல்லாவிட்டால் போ, நான் வரவில்லை என்று போனை வைத்துவிட்டேன்.

எட்டுச் செலவு, எட்டாம் நாள் சடங்கு, எப்போது செய்வது? ஐயரைக் கேட்டால் செத்த நாள் கேட்கிறார். எங்களுக்கு யார் சொன்னது நாள்?

ஹவானாவுக்குப் பேர் வைத்தவன் தயா. 92இல், யாழ்ப்பாணத்தில். அப்போது பொருளாதாரத் தடை, சவர்க்காரம் இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் தங்கம். எங்கேயோ கிடைத்த மட்டை கிழிந்த புத்தகத்தில் கியூபாவின் கதையை வாசித்துவிட்டு வந்து, தூங்கின பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரே பிரசங்கம். "அத்தான், அங்கயும் பக்கத்து வீட்டுப் பெரியவன் எல்லாத்தையும் மறிச்சுத்தான் வைச்சிருக்கிறான். படையையும் அனுப்பிப் பாத்தான். சனம் பணியேல்லை. அவையின்ர தலைநகரின்ர பேரை, ஹவானா எண்டு வையுங்கோ."

"சுருட்டுப் பேரெல்லோடா" என்றாள் சாந்தி. கடைசியில் வைத்தது அவன் சொன்ன பேர்தான். பிள்ளையின் காதுக்குள் மூன்று தரம் சொன்னதும் அவன்தான்.

மே 27. புதன்
வெக்கை தொடங்கிவிட்டது. ஜெனீவாவில் மனித உரிமைச் சபையில் வாக்கெடுப்பு. நடந்ததை விசாரிக்கச் சொல்வார்கள் என்று பார்த்தால், இலங்கையைப் பாராட்டித் தீர்மானம். நிறைவேறிவிட்டது. கனடா எதிர்த்தது. கியூபா இலங்கைப் பக்கம். சும்மா கை தூக்கியதும் இல்லை, முன்னுக்கு நின்று வாதாடியதாம்.

இரண்டு தரம் வாசித்தேன். பிழையான செய்தியாக இருக்கக் கூடாதா என்று மூன்றாம் தரமும்.

சாந்தி டிவியை நிற்பாட்டினாள். "உந்தப் பேரை மாத்தவேணும். என்ர தம்பியைச் சாக்காட்டினவைக்குக் கை உயர்த்தின ஊரின்ர பேர் என்ர வீட்டுக்குள்ள வேண்டாம்."

"அம்மா, நான் வோட் பண்ணேல்லையே" என்றாள் ஹவானா.

ஒருவரும் சாப்பிடவில்லை.

மே 29. வெள்ளி
வேலைக்குப் போனேன். பாண் பக்டரி. பாண் வெட்டும் மெஷினில் எனக்கு எதிரே நிற்பவன் ராமோன், அசல் ஹவானாக்காரன். ஒரு தங்கச்சி அங்கே, ஒரு தங்கச்சி மயாமியில். இரண்டு பேரும் ஒருத்தரோடொருத்தர் பேசுவதில்லை. இடையில் ஒரு துண்டுக் கடல்தான்.

ரஷ்யா உடைந்தபிறகு அங்கே எண்ணெய் இல்லை, சாப்பாடு இல்லை, ஊர் முழுக்கச் சைக்கிள். அதே வருசங்களில் யாழ்ப்பாணத்திலும் ஊர் முழுக்கச் சைக்கிள். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து நாங்கள் சிநேகிதர். அவன் பட்டினியில் மெலிந்த கதை சொன்னால் நான் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள் கதை சொல்வேன்.

இன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் கேட்டேவிட்டேன். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று. அவன் ஏதோ கையை உயர்த்தினவன் மாதிரி. அவன் சான்ட்விச்சைக் கீழே வைத்தான். தங்களுக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லித் தந்தது ஒன்றே ஒன்றுதானாம்: பெரிய நாடுகள் சேர்ந்து ஒரு சின்னத் தீவை அதட்டினால், அந்தத் தீவோடு நில். பிறகு, தன்னைக் கேட்டு ஒருத்தரும் கை தூக்குவதில்லை என்றான்.

விளங்குகிறது. அதுதான் இன்னும் கோபம். அவர்கள் கண்ணுக்கு இலங்கைதான் கியூபா. அந்தச் சின்னத் தீவுக்குள்ளே அதைவிடச் சின்னச் சனம் ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தும் விட்டார்களோ. தயா உயிரோடு இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பான்?

"ஹவானா சுகமா?" என்று ராமோன் வழக்கம்போலக் கேட்டான். அந்தப் பேரைச் சொல்லவே அவனுக்குச் சந்தோசம். சுகம் என்றேன்.

மே 31. ஞாயிறு
மேகமூட்டம். புல் முழங்காலைத் தொடுகிறது. பக்கத்து வீட்டுச் சீனக்கிழவர் முறைக்கிறார்.

சாந்தி மகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இஞ்ச", "பிள்ளை", "கொப்பாட்டச் சொல்லு." நான் கவனித்ததை ஹவானாவும் கவனித்திருக்கிறாள். மில்லிக்கனில் கடைக்குப் போகும்போது காரில் சொன்னாள்.

"அப்பா, நான் சேஞ்ச் பண்ணுறன். தயாளினி எண்டு. மாமான்ர பேரும் வரும்."

"உனக்கு விருப்பமோ?"

"இல்லை. பட் அம்மா என்னைக் கூப்பிடுறா இல்லையே."

சிக்னலில் பச்சை விழுந்தது தெரியவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். அழுகை வந்தது, மரக்கறிக்கடையில் வெங்காயம் பொறுக்குவது மாதிரிக் குனிந்து நின்றேன்.

ஜூன் 3. புதன்
நல்ல வெயில். காலையில் சாந்தி தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிற்க, போன். தெரியாத நம்பர். கௌரி.

முகாமில் யாரோ ஒருவரின் செல்லை ஒளித்து வைத்துப் பேசுகிறாள். ஸ்பீக்கரில் போட்டேன். சாந்தி தம்பியின் பேரைச் சொல்லிச் சொல்லி அழ, அவள் அழவில்லை. பின்னால் ஒரு குழந்தை வீரிட்டது.

"ஆற்ற பிள்ளை கௌரி?"

"என்ர தான் மச்சாள். பங்கருக்குள்ள பிறந்தது. பொம்பிளைப் பிள்ளை. இவர் தூக்கினவர். பாத்திட்டுத்தான் போனவர்."

எங்களுக்குத் தெரியவே தெரியாது. சாந்தி போனுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"என்ன பேரடி?"

"வைக்கேல்லை. சண்டை முடியட்டும், நான் யோசிச்சு வைக்கிறன் எண்டவர். நாளைக்குப் பதியவேணும், பேர் கேக்கினம். எனக்கு ஒண்டும் ஓடேல்லை மச்சாள். நீங்கள் ஒண்டு சொல்லுங்கோ. கெதியா, போனைக் குடுக்கவேணும்."

சாந்தி என்னைப் பார்த்தாள். அவள் மேல்மாடிப் படியடிக்குப் போனாள்.

"ஹவானா, ஓடி வா. உன்ர குட்டி மச்சாளுக்குப் பேர் வைக்கவேணும்."